பட்டணத்துப் பெருமையும் மதுரைப் பெருமையும்

எந்த ஊர் பெரிய ஊர்? மாடியை எண்ணினால் போதுமா?

மதுரையைச் "சின்ன ஊர்" என்று யாராவது சொன்னால் மதுரைக்காரருக்குக் கோபம் வரும்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் சென்னையில் கோட்டை கட்ட இடம் வாங்கியது 1639-ம் ஆண்டில். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1636-ல், மதுரையில் திருமலை நாயக்கர் மகால் எழுந்துவிட்டது. மீனாட்சி அம்மன் கோவிலோ அதற்கும் மூத்தது. பாண்டிய மன்னர்கள் கொலுவிருந்த ஊர் மதுரை.

ஆனால் தலையை எண்ணிப் பார்த்தால் கதை வேறு. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, சுற்றுப்புறங்களையும் சேர்த்து, சென்னையில் சுமார் 87 லட்சம் பேர் இருந்தார்கள். மதுரையில் சுமார் 15 லட்சம் பேர். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு!

ஆகவே, வயதில் மதுரை பெரியது. கூட்டத்தில் சென்னை பெரியது.

சரி, ஊருக்கு அடையாளமாக நிற்கும் கட்டிடங்களில் எது பெரியது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

உயிர் காலேஜ், செத்த காலேஜ்

அந்தக் காலத்தில் கிராமத்து ஜனங்கள் "பட்டணம் பார்க்க" ரெயில் ஏறுவார்கள்.

பட்டணத்தில் என்ன பார்ப்பார்கள்? சென்ட்ரல் ஸ்டேஷன், ஐகோர்ட்டு, கடற்கரை. பிறகு "உயிர் காலேஜ்", "செத்த காலேஜ்". மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்று பெயர். அங்கே மிருகங்கள் உயிரோடு இருக்கும். எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். அங்கே மிருகங்களைப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள்! 1959-ல் மவுண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டிடம் எழுந்த பிறகு, அதை அண்ணாந்து பார்ப்பதும் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

மதுரைக்குப் போனவர்கள் என்ன பார்த்தார்கள்? கோவில், மகால், வண்டியூர் தெப்பக்குளம்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வித்தியாசம் தெரியும்.

மதுரையின் பழைய பெருமைகள் அரசர்கள் கட்டியவை. சென்னையின் பெருமைகள் பெரும்பாலும் அரசாங்கம் கட்டியவை. எழும்பூர் மியூசியம் தொடங்கியது 1851-ல். கன்னிமாரா நூலகம் திறந்தது 1896-ல். ஐகோர்ட்டுக் கட்டிடம் 1892-ல் எழுந்தது. மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை 1913-ல் வந்தது.

இவை ஏன் சென்னைக்கு வந்தன? சென்னைக்காரர்கள் அதிகம் கெட்டிக்காரர்கள் என்பதாலா? இல்லை. கவர்னர் அங்கே இருந்தார். கப்பல் அங்கே வந்தது. கஜானா அங்கே இருந்தது. தலைநகரம் என்பதால் எல்லாம் அங்கே வந்தன.

செலவு செய்த பணமோ ராஜதானி முழுவதும் வசூலான வரிப்பணம். மதுரை விவசாயியும் வரி கொடுத்தார். நெல்லை நெசவாளியும் வரி கொடுத்தார். ஆனால் அந்த மியூசியத்தை அவர்கள் பார்க்க வேண்டும் என்றால், ராத்திரி முழுவதும் பயணம் செய்ய வேண்டும். தங்க இடம் வேண்டும். இரண்டு மூன்று நாள் கூலியை இழக்க வேண்டும்.

பொருளும் அப்படித்தான் பயணம் செய்தது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேய அதிகாரி 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டினார். முதுமக்கள் தாழிகளும் வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. அவை சென்னை மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆதிச்சநல்லூர்க்காரர் தன் ஊரின் புதையலைப் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டியதாயிற்று!

சென்னையால் முடியாதது

பணம் இருந்தால் எல்லாப் பெருமையையும் தலைநகரில் கொண்டுவந்து வைத்துவிடலாமா? முடியாது.

சென்னையில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் கட்டினார்கள். அங்கே நிற்கும் பிரமாண்டமான கல் தேர் எதைப் பார்த்துச் செய்தது தெரியுமா? திருவாரூர்த் தேரைப் பார்த்து! தேருக்கு மாதிரி தேடியபோது சிறிய ஊரின் பக்கம்தான் திரும்ப வேண்டியிருந்தது.

கிண்டியில் காந்தி மண்டபம் இருக்கிறது. 1956-ல் திறந்தார்கள். அழகான மண்டபம்தான். ஆனால் காந்தி நினைவு மியூசியம் மதுரையில்தான் அமைந்தது. ராணி மங்கம்மாள் வாழ்ந்த தமுக்கம் மாளிகையில் 1959-ல் பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார்.

ஏன் மதுரையில்? 1921 செப்டம்பர் 22-ந் தேதி மதுரையில்தான் காந்தியடிகள் தம் உடையை மாற்றினார். ஏழைகளுக்கு முழுத் துணி இல்லாதபோது தமக்கு எதற்கு என்று, அன்று முதல் அரை ஆடை உடுத்தினார். அவர் சுடப்பட்ட நாளில் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியும் இந்த மியூசியத்தில் இருக்கிறது. அந்தத் துணியின் முன்னால் நிற்பவர்கள் கட்டிடம் எத்தனை மாடி என்று எண்ணுவதில்லை.

ஐகோர்ட்டு தெற்கே வந்தது

பார்த்து மகிழும் பெருமை ஒன்று. மக்களுக்குப் பயன்படும் பெருமை இன்னொன்று. இரண்டாவது வகைதான் மதுரைக்கு வெகு காலம் கழித்து வந்தது.

நாகர்கோவிலில் ஒருவருக்கு நிலத் தகராறு. கீழ்க் கோர்ட்டில் தோற்றுவிட்டார். ஐகோர்ட்டுக்கு அப்பீல் செய்ய வேண்டும். முன்பு அவர் சுமார் 700 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னைக்குப் போக வேண்டும். வாய்தா என்றால் மறுபடியும் பயணம். நிலத்தின் விலையைவிட ரெயில் சத்திரச் செலவு அதிகமாகிவிடும் என்று பயந்து பலர் வழக்கையே கைவிட்டார்கள்.

தென் மாவட்ட மக்களும் வக்கீல்களும் பல ஆண்டுகள் கேட்டார்கள். 2004 ஜூலை 24-ந் தேதி ஐகோர்ட்டின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அப்போது 13 மாவட்டங்களின் வழக்குகள் அங்கே வந்தன. நாகர்கோவில்காரருக்கு 700 கிலோமீட்டர், சுமார் 240 கிலோமீட்டராகக் குறைந்தது.

சென்னை ஐகோர்ட்டுக் கட்டிடத்தின் சிவந்த கோபுரங்களின் அழகு மதுரைக் கிளைக்கு இல்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் வழக்காடுகிறவர் கோபுரத்தைப் பார்க்கவா போகிறார்? அவர் கேட்பது நியாயம். அது அருகில் கிடைத்தால் அவருக்கு அதுவே பெரிய கட்டிடம்.

இரண்டு புத்தக மாளிகைகள்

நூலகத்தின் கதை இன்னும் சுவையானது.

சென்னையில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களுக்கு ஒரு பிரதி அங்கே அனுப்ப வேண்டும் என்று 1954-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இப்படிப் புத்தகம் பெறும் நூலகங்கள் நாட்டில் நான்கே. அது போதாது என்று 2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் வந்தது.

மதுரையில் மாவட்ட மைய நூலகம் இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய மாளிகை இல்லை. 2023 ஜூலை 15-ந் தேதி, காமராஜர் பிறந்த நாளில், புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. கன்னிமாரா திறந்து 127 ஆண்டுகளுக்குப் பிறகு!

இப்போது ஒரு சிறிய கணக்கு. அண்ணா நூலகத்தின் பரப்பு சுமார் 3,33,000 சதுர அடி. மதுரை நூலகத்தின் பரப்பு சுமார் 2,13,000 சதுர அடி. அதாவது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்கு உள்ள ஊருக்கு, மூன்றில் இரண்டு பங்கு நூலகமா? மேலோட்டமாகப் பார்த்தால் அதிகம் என்று தோன்றும். ஆனால் மதுரை நூலகம் மதுரைக்கு மட்டுமா? திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஊர்களில் படித்துவிட்டு அரசாங்கப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் அதுதான் பக்கத்து நூலகம். வீட்டில் தனி அறை இல்லாத பெண், விலை கொடுத்துப் புத்தகம் வாங்க முடியாத பையன் ஆகியோருக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைக்கிறது. மின்விசிறி கிடைக்கிறது. அமைதி கிடைக்கிறது.

பொருளும் இப்போது சொந்த ஊரில் தங்கத் தொடங்கியிருக்கிறது. மதுரைக்கு அருகே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கீழடியில் தோண்டி எடுத்த பானைகளும் மணிகளும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் 2023 மார்ச் 5-ந் தேதி முதல் கீழடியிலேயே மியூசியத்தில் இருக்கின்றன. ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் ரெயில் ஏறியது போல் இந்த மியூசியத்துப் பொருள்கள் ஏறவில்லை.

அடிக்கல் போதாது

இவ்வளவும் நல்ல செய்தி. மறு பக்கமும் உண்டு.

மதுரைக்கு அருகே தோப்பூரில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரி 27-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 2022-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். ஆனால் தோப்பூரில் அல்ல! கட்டிடம் இல்லாததால் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் அவர்களுக்கு வகுப்பு நடந்தது. தோப்பூரில் கட்டிட வேலை மும்முரமானது 2024-ல்தான். அடிக்கல் நாட்டி ஐந்து ஆண்டுகள் கழித்து!

தலைநகரில் இப்படித் தாமதமானால் சட்டசபைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் தினமும் பார்ப்பார்கள். கேள்வி எழும். தொலைவில் இருக்கும் ஊரின் காலி மனை அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுவதில்லை.

திறந்துவிட்டால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2011-ல் அண்ணா நூலகத்தையே குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றப் போவதாக அப்போதைய அரசாங்கம் அறிவித்தது. வழக்கு நடந்தது. ஐகோர்ட்டு தடை விதித்தது. நூலகம் பிழைத்தது. தலைநகரின் நூலகத்துக்கே அந்த நிலை என்றால், மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் கட்டிடங்களைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டாமா?

இருபது லட்சம் கணக்கு

சென்னையின் புதிய அடையாளம் மெட்ரோ ரெயில். 2015 ஜூன் 29-ந் தேதி முதல் ஓடுகிறது.

மதுரையிலும் திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரெயில் விடத் திட்டம் போட்டார்கள். 2025 நவம்பரில் மத்திய அரசாங்கம் அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. கோவைத் திட்டமும் திரும்பி வந்தது. மெட்ரோ ரெயிலுக்கு 20 லட்சம் ஜனத்தொகை வேண்டும் என்பது 2017-ம் ஆண்டுக் கொள்கை. 2011 கணக்குப்படி இரண்டு ஊருக்கும் அவ்வளவு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

மெட்ரோ ரெயில் விளையாட்டுப் பொருள் அல்ல. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் விழுங்கும். ஆள் ஏறாமல் காலியாக ஓடினால் நஷ்டத்தை மக்கள்தான் சுமக்க வேண்டும். அதனால் கணக்குப் பார்ப்பது தவறு அல்ல.

ஆனால் எந்தக் கணக்கு? 2011-க்குப் பிறகு ஊர் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. மேலும், மதுரையில் இரவு தூங்குகிறவர்களை மட்டும் எண்ணினால் போதுமா? காலையில் பஸ் ஏறி வந்து, ஐகோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோவிலுக்கும் ஜவுளிக் கடைக்கும் போய், மாலையில் ஊர் திரும்புகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சித்திரைத் திருவிழாவுக்கு வைகை ஆற்றில் கூடும் ஜனங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நூலகம் கட்டியவர்கள் அவர்களையும் எண்ணிக் கட்டினார்கள். ரெயிலுக்குக் கணக்குப் பார்க்கிறவர்களும் அவர்களை எண்ண வேண்டும். எண்ணிய பிறகும் மெட்ரோ ரெயில் கட்டாது என்றால், நல்ல பஸ் வசதியாவது வேண்டும்.

மதுரையும் ஒரு பட்டணம்தான்

கடைசியாக ஒரு விஷயம். சென்னையைப் பார்த்து மதுரை கேட்கும் கேள்வியை, மதுரையைப் பார்த்துக் கேட்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ராமநாதபுரம் சீமையின் வறண்ட கிராமத்தில் இருக்கும் பெண்ணுக்கு மதுரையே பட்டணம்தான். புது நத்தம் ரோட்டு நூலகத்துக்குத் தினமும் வர அவளிடம் பஸ் காசு இல்லை. அவளுக்குத் தன் ஊரிலோ அடுத்த ஊரிலோ உள்ள கிளை நூலகம் நேரத்துக்குத் திறக்க வேண்டும். அங்கே விளக்கு எரிய வேண்டும். புதுப் புத்தகம் வர வேண்டும்.

கிளை நூலகம் யாரும் போடும் பிச்சை அல்ல. 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். வீட்டு வரி கட்டுகிறவர்கள் அதோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். பணம் கொடுத்தவர் புத்தகத்தைக் கேட்கலாம்.

ஊரில் புதிய கட்டிடம் திறக்கும்போது, "எத்தனை மாடி? எத்தனை கோடி?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கட்டும். அதோடு இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். சுற்றுவட்டாரத்து ஏழைக் குடும்பம் காலையில் புறப்பட்டு அங்கே வந்து, வேலையை முடித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியுமா? பத்து ஆண்டு கழித்தும் அது இதே போல் திறந்திருக்குமா?

இந்த இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், அந்தக் கட்டிடம் நிற்கும் ஊர் சென்னையாக இருந்தாலும் சரி, மதுரையாக இருந்தாலும் சரி, கமுதியாக இருந்தாலும் சரி. அது பெரிய ஊர்தான்.