விசிலும் தொப்பியும் போதுமா?

ஆரணி என்றாலே பட்டு. நெசவாளர் குடும்பம் பல நாள் பாடுபட்டு நெய்த சேலை கடை அலமாரிக்கு வந்ததும், அதன் காவல் வாசலில் நிற்கும் ஒரு மனிதரின் பொறுப்பாகிறது. அவரை எப்படி வேலைக்கு எடுக்கிறார்கள்? காலையில் வந்தார், சட்டை, தொப்பி, விசில் கொடுத்தார்கள், மாலையில் வாசலில் நிறுத்திவிட்டார்கள்! பல ஊர்களில் நடப்பது இதுதான்.

சட்டம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான சட்டம் 2005-ல் நிறைவேறியது. காவலருக்குப் பயிற்சி கட்டாயம் என்கிறது அது. மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி, வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்கள் பயிற்சி தரவேண்டும். முன்னாள் இராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் மட்டும் 7 நாட்கள் போதும்.

இது வெறும் சடங்கல்ல. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தை ஒழுங்கு செய்தல், போலீசில் புகார் கொடுக்கும் முறை எல்லாம் அதில் உண்டு. முகூர்த்த நாள் நெரிசலில் ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தால் விசில் ஊதி என்ன பயன்? மின்கசிவால் புகை கிளம்பினால் மெயின் சுவிட்ச் எங்கே என்று அப்போதா தேடுவது? காவலர் போலீஸ்காரர் அல்லர். போலீஸ் உடை போன்ற உடை அணிந்தாலே ஓராண்டுச் சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தம் அதிகாரத்தின் எல்லை தெரியாதவர் சந்தேகத்தின் பேரில் ஒருவரை அடித்துவிட்டால், வழக்கில் மாட்டுபவர் அவரேதான்.

ஊரையும் கற்றுத்தர வேண்டும். சேலை மூட்டையுடன் வரும் நெசவாளரை, "ஏய், யாரது?" என்று வாசலில் மறிக்கலாமா? கடை வாழ்வதே அவர் கையால் அல்லவா!

"பயிற்சி முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விடுவார், செலவு வீண்" என்பார் முதலாளி. தறிக்குப் புதிதாக வந்த பையனை முதல் நாளே ஜரிகைப் புடவை நெய்ய உட்கார வைப்பாரா? அறுந்த இழையை முடியவல்லவா முதலில் கற்றுத்தருவார்! இழைக்கு உள்ள மதிப்பு மனித உயிருக்கு இல்லையா?

வேலியே பயிரை மேயுமோ என்று அஞ்சுவோர் அநேகர். வேலியைச் சரியாகக் கட்டினோமா என்று கேட்போர் சிலரே. ஏஜென்சியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், "பயிற்சிச் சான்றிதழ் எங்கே?" என்று ஒவ்வொரு கடைக்காரரும் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி பட்டையும் காக்கும், காவலரையும் காக்கும்.