பயனாளிப் பட்டியலும் திருச்சபையின் அரசியலும்

ஒரு திருச்சபை அரசியலில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அதன் ஆயர்கள் விடுக்கும் அறிக்கைகளைக் கொண்டு மதிப்பிடுவது வழமையாக இருந்தாலும், அம்பாறைக் கரையோரத்தில் அந்த வழமை பெரிதாக உதவுவதில்லை. பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எனப் பொத்துவில் வரை தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்து, ஓர் ஊரின் கடைசி வேலியும் அடுத்த ஊரின் முதல் வேலியும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கும் நிலப்பரப்பு இது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகையில் முஸ்லிம்கள் 43 சதவீதத்துக்கு மேலும் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 2 சதவீதமும் உள்ளனர். இவ்வளவு சிறிய சமூகத்தின் வாக்கை எந்தக் கட்சியும் தேடி வருவதில்லை. ஆயினும் வெளிநாட்டு உதவியைக் கொண்டுவரும் ஆற்றல், எண்ணிக்கைக்குச் சற்றும் பொருந்தாத செல்வாக்கை அதற்குத் தந்திருக்கிறது. அந்தச் செல்வாக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பது பயனாளிப் பட்டியலில், அதாவது வீடு, வள்ளம், உலர் உணவு, வாழ்வாதாரக் கடன் ஆகியவற்றைப் பெறுவோரின் பெயர்கள் அடங்கிய தாளில், தெரியவருகிறது. திருச்சபைச் சமூகப் பணியாளர்களுக்கான இவ்விதழ் இம்முறை அந்தத் தாளையே பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறது.

பட்டியல் பழையது, பெயர்தான் புதியது. 1814இல் இலங்கைக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரிமாருள் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் தொடங்கிவைத்த பாடசாலைப் பணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்முனைக்கும் பரவி இன்றைய வெஸ்லி உயர்தரப் பாடசாலையாக நிலைபெற்றது. கத்தோலிக்கரின் பங்களிப்பாகக் கார்மேல் பற்றிமா கல்லூரி அதே நகரில் வளர்ந்தது. காரைதீவில் பிறந்து இந்துத் துறவியாக வாழ்ந்த சுவாமி விபுலாநந்தர் இளமையில் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர் என்பது அக்கல்வியின் வீச்சைக் காட்டுகிறது. எனினும் மதமாற்றத்துக்கு அஞ்சிய முஸ்லிம் குடும்பங்கள் நெடுங்காலம் மிஷன் பாடசாலைகளிலிருந்து ஒதுங்கியே நின்றன. இப்பகுதி முஸ்லிம்களுக்குத் தமக்கென ஒரு பெரிய கல்விக்கூடமாகச் சாஹிறாக் கல்லூரி 1949இல்தான் கிடைத்தது. பாடசாலையின் அனுமதிப் பதிவேடே அக்காலத்துப் பயனாளிப் பட்டியல் என்று கொண்டால், அதில் ஒரு சமூகத்தின் பெயர்கள் அரிதாக இருந்தமை பிற்காலத்து மனக்கணக்குகளில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதைத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு ஆராயவில்லை. 1960ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் வசமானபோது, திருச்சபைகள் தம் முதன்மையான சமூகப் பணியை இழந்தன. 1968இல் கத்தோலிக்கத் திருச்சபை நிறுவிய செடெக் என்னும் சமூகப் பொருளாதார அபிவிருத்தி நிலையமும், அதன் கிழக்குக் கிளையாக விளங்கும் எகெட் நிறுவனமும் அந்த வெற்றிடத்தை வேறு வகையில் நிரப்பின.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இந்தப் பணியின் அளவையே மாற்றிவிட்டது. நாட்டில் மிக அதிகமானோர் உயிரிழந்தது அம்பாறை மாவட்டத்தில். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின, அவற்றுள் பெரும்பகுதி கல்முனையைச் சூழ்ந்த முஸ்லிம் ஊர்களுக்குரியவை. கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என அரசு முதலில் விதித்த தடை, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலும் நெருக்கும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் குடியிருக்க நிலமே இல்லை என்ற நிலையை உருவாக்கியது. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டு, இங்கு 65 மீற்றர் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. மருதமுனையில் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்பது இன்று ஓர் இடத்தின் பெயராகவே வழங்குகிறது. மாற்றுக் காணி எந்த ஊரின் எல்லைக்குள் கிடைக்கும், அங்கு எந்த ஊரவர் குடியேறுவர் என்ற கேள்விகள் எழுந்த கணத்திலேயே நிவாரணம் அரசியலாகிவிட்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் கட்டப்பட்ட 500 வீடுகள், அவற்றைத் தேசிய இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்ற 2009ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரும் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் காடேறிக் கிடந்தமை, பட்டியலில் உடன்பாடு இல்லாத உதவிக்கு நேரும் கதியை எவரும் நேரிற் பார்க்கக்கூடிய சான்றாகும்.

திருச்சபை சார்ந்த நிறுவனங்கள் கட்டிய வீடுகள் இத்தகைய வழக்குகளில் சிக்காமல் பெரும்பாலும் கையளிக்கப்பட்டன. ஆனால் அவற்றின் படிவங்களில் இருந்த ஒரு நிரல் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. கிழக்குக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே பேணிவரும் தாய்வழிக் குடி முறையில், குடி என்பது தாயின் வழியாகப் பிள்ளைக்குக் கிடைக்கும் வம்ச அடையாளமாகும்; வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மணமகனே மனைவியின் வீட்டுக்குக் குடிவருவான், வீட்டுக்கு உடையவள் பெண். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த முறையை விரிவாக எழுதியிருக்கிறார். சுனாமிக்குப் பின் பல நிறுவனங்களின் படிவத்தில் முதல் நிரல் ‘குடும்பத் தலைவர்’ என்றிருந்தது. உத்தியோகத்தர் அங்கே கணவனின் பெயரை எழுதினார். உறுதியும் அப்பெயருக்கே போனது. இரண்டு மகள்மாருக்கென இரண்டு வீடு கட்டிவைத்திருந்த தாய்க்குச் சேதமான குடும்பம் ஒன்று என்ற கணக்கில் ஒரு வீடே கிடைத்தால், அவள் இழந்தது கட்டடத்தோடு ஒரு மகளின் கலியாணமும்தான் என்பதைக் கொழும்பிலோ லண்டனிலோ அச்சான படிவம் அறியாது. ஆனால் அவ்வூரிலேயே பிறந்து, தன் சகோதரிக்குச் சீதன வீடு கட்டக் கூலி வேலை செய்த பங்குப் பணியாளர் அதை அறிவார். உள்ளூர்த் திருச்சபைக்கும் அயல்நாட்டு நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த அறிவில்தான் இருந்திருக்க வேண்டும். கொடையாளரின் கால அட்டவணைக்கு அஞ்சி அந்த அறிவைப் படிவத்துக்கு வெளியே நிறுத்தியது திருச்சபைகளின் தவறாகும்.

இதற்கு எதிரான ஓர் அனுபவம் மாவட்ட எல்லைக்கு வடக்கே கிடைத்தது. 2006 ஓகஸ்டில் மூதூரில் போர் மூண்டு ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடியபோது, 1940இல் அமெரிக்காவில் தோன்றிய ஐக்கிய மெதடிஸ்த நிவாரணக் குழுவும் 1985இல் லண்டனில் தொடங்கப்பட்ட முஸ்லிம் எய்ட் நிறுவனமும் தம் களஞ்சியங்களையும் வாகனங்களையும் ஆட்களையும் இணைத்துப் பணிசெய்தன. அந்த மாதத்தில்தான் மூதூரில் பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் 17 பணியாளர்கள் கொல்லப்பட்டனர் என்பதை நினைத்தால், இரு மதங்களின் அடையாளத்தையும் ஒரே வண்டியில் ஏற்றிச்சென்றதன் துணிவு புரியும். முஸ்லிம் கிராமத்தில் மெதடிஸ்தரை நம்புவதற்கு முஸ்லிம் எய்ட் பிணை நின்றது. தமிழ்க் கிராமத்தில் முஸ்லிம் எய்ட்டுக்கு மெதடிஸ்தப் போதகர்கள் பிணை நின்றனர். 2007இல் இது லண்டனில் கைச்சாத்தான ஓர் உலகளாவிய ஒப்பந்தமாக விரிந்தது. ஒப்பந்தத்தைவிட அதற்கு முந்திய மாதங்களே பணியாளர்களுக்குப் பாடம் தருவன. அங்கு ‘மதங்களுக்கிடையிலான உரையாடல்’ என்ற பெயரில் கூட்டமெதுவும் கூட்டப்படவில்லை. யாருக்கு எத்தனை தறப்பாள் என்பதை இரு தரப்பினரும் ஒரே மேசையில் எழுதினர்.

உதவிக்குப் பின்னால் மதமாற்றம் ஒளிந்திருக்கிறது என்ற ஐயத்தையும் இங்கு எதிர்கொள்ள வேண்டும். 2003இல் திருச்சிலுவைக் கன்னியர் சபையொன்றைச் சட்டரீதியாகக் கூட்டிணைக்கும் மசோதாவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், சமூகப் பணியையும் மதப் பரப்புரையையும் ஒருங்கே நோக்கமாகக் கொள்வது அரசியலமைப்புக்குப் பொருந்தாது எனக் கண்டது; 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு அம்முடிவு அச்சபையினரின் உரிமைகளை மீறியதாகத் தீர்மானித்தது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடை மசோதா சட்டமாகவில்லை. மதச் சுதந்திரத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது என்பதில் இவ்விதழுக்கு ஐயமில்லை. ஆயினும் கரையோர நிலைமை கொழும்பு விவாதத்திலிருந்து வேறானது: புதிய சபைகளுக்குச் செல்வோர் பெரும்பாலும் வறிய இந்துத் தமிழர்களாக இருப்பதால், மதமாற்றக் குறையைச் சொல்வது பெரிதும் இந்து ஊர்களே. பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டுச் செபத்துக்கு அழைக்கிறார்கள் என்று அவ்வூரவர் கூறுகின்றனர். முஸ்லிம் ஊர்களோ பட்டியலிலேயே தம் பெயர் வருவதில்லை என்கின்றன. உதவி எந்த மத அல்லது அரசியல் நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படக் கூடாது என்னும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தின் 1994ஆம் ஆண்டு நடத்தைக் கோவை முதற்குறைக்கு விடை தருகிறது. இரண்டாம் குறைக்கு எந்தக் கோவையிலும் முழு விடை இல்லை.

அந்த இரண்டாம் குறையின் வேர் திருச்சபையின் தற்புரிதலில் இருக்கிறது. போர்க்காலத்தில் குருமார் சோதனைச் சாவடிகளைக் கடந்தனர், முகாம் வாசல்களில் பெற்றோருடன் நின்றனர், காணாமற்போனோரின் விவரங்களைப் பதிந்தனர். மட்டக்களப்பில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து 2019இன் முதல் நாளில் மறைந்த இயேசு சபைத் துறவி ஹரி மில்லரும், 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமலாக்கப்பட்ட இயூஜின் ஹீபர்ட்டும் அப்பணியின் அடையாளங்கள். அதிலிருந்து ‘திருச்சபை பொதுவானது, நடுவில் நிற்பது’ என்ற எண்ணம் வளர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த துறவிகளுக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்றைய குருமாரும் போதகர்களும் இதே மண்ணின் தமிழர்கள்; அவர்களது சபையினர் தமிழ்த் தெருக்களில் வாழ்பவர்கள். முஸ்லிம் அயலவர் அவர்களைத் தமிழராகவே பார்க்கிறார், அதில் பிழையுமில்லை. நடுவர் என்ற உடையைக் களைந்து, தமிழ் அயலவராக வெளிப்படையாக நின்று பேசுவதே கூடுதல் நம்பிக்கையைத் தரும் என்பது இவ்விதழின் கருத்து.

கல்முனை வடக்கு உப பிரதேச செயலகப் பிரச்சினை இதற்கு உரைகல். 1989இல் தோன்றி, 1993இல் தரமுயர்த்த அமைச்சரவை முடிவெடுத்தும் முழு அதிகாரம் பெறாத அச்செயலகத்துக்காக 2019 ஜூனில் பௌத்த பிக்கு ஒருவரும் இந்துக் குருக்களும் மாநகர சபை உறுப்பினர்களும் உண்ணாவிரதம் இருந்தனர். முஸ்லிம்கள் எதிர்ச் சத்தியாக்கிரகம் செய்தனர். காணி, நிதி அதிகாரம் கோரும் தமிழரின் குறை உண்மையானது. இன அடிப்படையில் எல்லை போட்டால் கல்முனைக் கடைத்தெரு கைமாறிவிடும் என்ற முஸ்லிம்களின் அச்சமும் உண்மையானது. அந்த உண்ணாவிரதத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டிருந்தனர். ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் மறைந்திருந்த, அக்கொலைகளைச் செய்த குழுவைச் சேர்ந்தோரைப் பற்றி முதலில் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே என்பது, முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்ன துண்டுப்பிரசுரங்களின் இரைச்சலில் கேட்காமற்போயிற்று. அதை உரக்கச் சொல்லும் தகுதி, காயப்பட்டவர்கள் என்ற வகையில், கிறிஸ்தவர்களுக்கே அதிகம் இருந்தது. தனிப்பட்ட சிலர் சொன்னார்கள், நிறுவனங்கள் தயங்கின.

2021 பெப்ரவரியில் அந்தத் தயக்கம் சற்று விலகியது. கொவிட் தொற்றில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரித்ததற்கு எதிராக முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த மனுக்களை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தள்ளுபடி செய்திருந்த சூழலில், பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை சென்ற பேரணி அந்த எரிப்பை நிறுத்துவதையும் தன் கோரிக்கைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. கத்தோலிக்கக் குருமாரும் இந்துத் துறவியரும் நடக்க, இக்கரையோர முஸ்லிம் ஊர்களில் மக்கள் வீதிக்கு வந்து அதில் இணைந்தனர். தமிழரின் கோரிக்கைகளை மறைக்காமல் அயலவரின் துயரையும் உடன் எழுதிய அந்தக் கோரிக்கைத் தாள், நல்ல பயனாளிப் பட்டியலின் இலக்கணத்தைக் கொண்டிருந்தது.

2025இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி பெருமளவில் நிறுத்தப்பட்டதிலிருந்து திருச்சபை நிறுவனங்களின் வரவு சுருங்கி வருகிறது. பட்டியல் குறுகக் குறுக, யாரை விடுவது என்ற பூசல் கூடும். எனவே சில நடைமுறைகளை இப்போதே வகுப்பது நல்லது. கிராம உத்தியோகத்தரின் பதிவை மட்டும் நம்பாமல், கோயில் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல் மரைக்காயர்மாரும் மாதர் சங்கங்களும் அமரும் குழுவே பெயர்களைத் தெரிவுசெய்ய வேண்டும். இரு பதவிகளும் குடிவழியாக வந்தவை என்பதால், வறியவரையும் வாடகைக்கு இருப்போரையும் அவர்கள் மறந்துவிடக்கூடும் என்பதையும் மாதர் சங்கங்களைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும். வீட்டு உறுதி பெண்ணின் பெயரிலோ கூட்டாகவோ எழுதப்பட வேண்டும். வரைவுப் பட்டியல் தேவாலயம், பள்ளிவாசல், கோயில், பிரதேச செயலகம் ஆகிய நான்கிலும் இரு வாரங்கள் ஒட்டப்பட்டு, முறைப்பாடுகளை வேறு சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் பெற்று விசாரிக்க வேண்டும். இதற்கு நாட்கள் செல்லும். திட்ட அறிக்கை பிந்தும். அந்த இரு வாரங்களுக்கு இடங்கொடாத கொடையாளரின் பணத்தை ஏற்பதா என்பதை மறைமாவட்டமும் ஏனைய திருச்சபைகளின் நிர்வாகங்களும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னரே தீர்மானித்துத் தம் பணியாளர்களுக்கு எழுத்தில் தர வேண்டும்.