புளியமரமும் சாட்சி சொல்லும்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் செல்கிறவர்கள் இடது புறத்து ஜன்னலோரத்தில் இடம் பிடிக்கப் பார்ப்பார்கள். வழி நெடுக மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். ஐப்பசி மாதத்தில் அதன் மேல் மேகம் படிந்திருக்கும் காட்சியைக் காண்பதற்கு இரண்டு கண்கள் போதா. நாமும் எத்தனையோ வருஷங்களாக அந்த ஜன்னலோரப் பிரயாணிகளில் ஒருவர்தாம். மலை அழகாக இருக்கிறது என்று வியந்தோமேயன்றி, அது யாருடைய வீடு என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அது பளியர்களின் வீடு. செண்பகத்தோப்பிலும், அய்யனார் கோவில் பக்கத்திலும், சதுரகிரி அடிவாரத்துத் தாணிப்பாறையிலும் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. தேன் எடுத்தும், கிழங்கு அகழ்ந்தும், அடிவாரத்துத் தோப்புகளில் காவல் காத்தும் ஜீவிக்கும் ஜனங்கள். பேசுவது தமிழ். நம்முடைய சந்தைக்கு வருகிறவர்கள். இருந்தாலும் அவர்கள் நிலத்தைப் பற்றிய பேச்சு நமது திண்ணைகளில் அடிபடுவதில்லை.

1882-ஆம் வருஷத்தில் சென்னை வனச் சட்டம் பிறந்தது. ஒரு காட்டை சர்க்கார் தன் காவலில் எடுத்துக்கொள்ளு முன், அதில் பாத்தியதை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் வந்து தெரிவிக்க வேண்டும் என்று விளம்பரம் செய்வார்கள். தெரிவிக்காதவர்களின் பாத்தியதை அத்துடன் தீர்ந்தது. பார்வைக்கு நியாயமான ஏற்பாடுதான். ஆனால் மலையில் வசித்த மனிதர் கெஸட்டை எவ்விதம் படித்திருப்பார்? கெடு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பாட்டன் காலத்திலிருந்து நடந்த பாதையில் ஒரு நாள் காவலர் வந்து நின்று, “இது சர்க்கார் காடு” என்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

இந்தத் தவறைத் திருத்த ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 2006-இல் பார்லிமெண்டு வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. நடந்தது சரித்திர அநீதி என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. 2005-ஆம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்து காட்டு நிலத்தை அநுபவித்து வரும் பழங்குடியினருக்கு, குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரையில், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர் வரையில் உரிமை உண்டு. பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சேரும், விற்க முடியாது. தேன், கிழங்கு, மேய்ச்சல் முதலியவற்றில் சமூகத்துக்குப் பொதுவான உரிமையும் உண்டு. மனுவை முதலில் கிராம சபை பார்க்கும். பிறகு கோட்டக் கமிட்டி. கடைசியில் ஜில்லாக் கமிட்டி.

நமது ராஜ்யத்தில் இந்தச் சட்டம் நடை பழகவே நாளாயிற்று. 2008-இல் சென்னை ஹைகோர்ட்டு, தன் அநுமதியின்றிப் பட்டா எதுவும் வழங்கலாகாது என்று இடைக்கால உத்தரவிட்டது. 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கிற்று. எட்டு வருஷங்கள் என்பது கோர்ட்டுக்கு அற்பமாயிருக்கலாம். அறுபது வயதுக் கிழவருக்கு அப்படியல்ல. பிறகு 2019 பிப்ரவரி 13-ந் தேதி, மனு நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. தேசமெங்கும் கூக்குரல் எழுந்தது. அதே மாதம் 28-ந் தேதி அந்த உத்தரவை நிறுத்தி வைத்து, மனுக்களை எந்த முறைப்படி நிராகரித்தீர்கள் என்று ராஜ்ய சர்க்கார்களைக் கேட்டது. ராஜ்யங்கள் பழைய கட்டுகளை அவிழ்த்து மறுபடி பார்க்கத் தொடங்கின.

மூடிய கதவு மறுபடி திறக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். திறந்தால் மட்டும் போதாது என்பதற்குக் கடல் கடந்த ஓர் உதாரணம் இருக்கிறது. காந்தியடிகள் சத்தியாக்கிரகத்தை முதன்முதல் கையாண்ட தென்னாப்பிரிக்காவே அது.

அடிகள் அங்கே தமிழ்த் தொழிலாளருடன் சிறை சென்ற அதே 1913-ஆம் வருஷத்தில், நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு ஏழு பாகத்துக்குள் கறுப்பு மக்களை அடைத்துவிடும் சட்டம் அங்கே வந்தது. 1950-இல் வந்த மற்றொரு சட்டம், எந்த இனத்தார் எந்தத் தெருவில் வாழலாம் என்று விதித்தது. டர்பன் நகரத்தில் கேட்டோ மேனர் என்ற பகுதியில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இந்தியக் குடும்பங்களும் அதனால் இடம் பெயர்ந்தன. சுதந்திரம் வந்த 1994-இல், இழந்த நிலத்தைத் திருப்பிக் கேட்பதற்கு ஒரு சட்டம் செய்தார்கள். 1998 டிசம்பர் 31 கெடு. சுமார் 80,000 மனுக்கள் வந்தன. கெடுவைக் கேள்விப்படாதவர்கள் அங்கும் அநேகர். ஆகவே 2014 ஜூலை 1-ந் தேதி கதவை மறுபடி ஐந்து வருஷங்களுக்குத் திறந்தார்கள். நடமாடும் ஆபீஸ்கள் ஊர் ஊராய்ச் சென்றன. மனுக்கள் ஒன்றரை லட்சத்தையும் தாண்டின.

ஆனால் 2016 ஜூலையில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் திருத்தச் சட்டத்தையே செல்லாது என்று தள்ளிவிட்டது. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது பிசகு என்று அது சொல்லவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தில் ஜனங்களின் அபிப்பிராயத்தைப் போதிய அவகாசம் தந்து கேட்கவில்லை, அவசரப்பட்டுவிட்டீர்கள் என்பதே அதன் தீர்ப்பு. புதிதாக வந்த மனுக்கள் காத்திருக்கட்டும், முன்பு மனுக் கொடுத்தவர்களின் காரியம் முதலில் முடியட்டும் என்றும் சொல்லிற்று. 1998-க்கு முன் மனுக் கொடுத்தவர்களிலேயே எத்தனையோ பேர் அப்போதும் காத்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தவர்கள், உள்ளே வருகிறவர்களை உட்கார வைத்து விசாரிக்க ஆள் வைத்தார்களா என்பதுதான் கேள்வி.

நிற்க. இதையெல்லாம் பிறருக்குச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? நமது பிழை ஒன்றையும் சொல்லிவிட்டால்தான் மனம் ஆறும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, பளியர் குலத்துப் பெரியவர் ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூட அவருடைய பேரன். பையன் நம்மிடம் படித்தவன். “வாத்தியாரய்யா, எங்க நெலத்துக்கு ஒரு மனு எழுதித் தரணும்” என்றார் பெரியவர். நமக்கோ பெருமை தாங்கவில்லை. பி.ஏ. பட்டமும் பி.டி. பட்டமும் பெற்று, இருபது வருஷம் தமிழ்ப் பாடம் நடத்திய கை அல்லவா! உட்காரச் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினோம்.

பெரியவர் பேசிக்கொண்டே போனார். நிலத்தின் வடக்கு எல்லையில் அவர் தகப்பனார் வைத்த புளியமரம், மழைத் தண்ணீரை மறிக்க அண்ணனும் தம்பியும் அடுக்கிய கல் வரப்பு, குழந்தையை அடக்கம் செய்த இடம், வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலிடும் சாமிக் கல், இப்படி ஒவ்வொன்றாய்ச் சொன்னார். நாம் தலையை ஆட்டினோம், எழுதவில்லை. மனு என்றால் சுருக்கமாக, கண்ணியமாக இருக்க வேண்டாமா? “ஏழை எளியவர்களாகிய எங்கள்பால் கருணை கூர்ந்து” என்று ஒரு பக்கத்தில் அழகாக முடித்துப் படித்துக் காட்டினோம்.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “புளியமரத்தை எழுதலியா அய்யா?” என்றார்.

“அதெல்லாம் வேண்டியதில்லை, பெரியவரே. அவர்களுக்கே தெரியும்” என்றோம்.

அவர்களுக்குத் தெரியவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்ற ஒரே வரியில் மனு தள்ளப்பட்டது. பேரன் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். அவன் நம்மைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் சட்டத்தின் விதிகளை நாம் வரி வரியாகப் படித்தோம். முன்பே படித்திருக்க வேண்டும். 13-ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? சர்க்கார் தஸ்தாவேஜுகள் மட்டுமல்ல, வீடு, குடிசை, வரப்பு, தடுப்பணை போன்று நிலத்தில் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் ஆதாரமே. மனுதாரர் அல்லாத முதியோர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். சமூக உரிமைக்கு அடக்க ஸ்தலமும் வழிபாட்டு இடமும் ஆதாரம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2012-இல் விதிகளைத் திருத்தியபோது இன்னும் தெளிவாக்கினார்கள். இன்ன காகிதம்தான் வேண்டும் என்று கமிட்டிகள் வற்புறுத்தலாகாது. ஆகாயத்திலிருந்து எடுத்த படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாகலாமே தவிர, அவற்றின் ஸ்தானத்தைப் பெறாது. நிராகரித்தால் காரணத்தை விவரமாக எழுதி, மனுதாரருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். அவர் 60 நாட்களுக்குள் மேலே முறையிடலாம். அவரை விசாரிக்காமல் முடிவு செய்யக் கூடாது.

ஆக, பெரியவர் சொன்னதுதான் சட்டம். நாம் எழுதியதுதான் வெறும் சொல். அவர் உரிமையைக் கேட்க வந்தார். நாம் அதைப் பிச்சையாக மாற்றி எழுதிக் கொடுத்தோம்.

மறுபரிசீலனை வந்தபோது இரண்டாம் முறை எழுதினோம். இம்முறை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. பெரியவர் பின்னால் நடந்தோம். அவருக்குக் கண் மங்கிவிட்டது; கால் வழியை மறக்கவில்லை. புளியமரத்தின் சுற்றளவைக் கயிறு போட்டு அளந்தான் பேரன். கல் வரப்பைப் படம் எடுத்தோம். அண்டை அயலில் உள்ள நான்கு முதியோர் சொன்னதை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினோம். மனு ஆறு பக்கம் ஆயிற்று. நடை அழகில் முதல் மனுவுக்கு உறை போடக் காணாது. ஆனால் பெரியவர் கேட்டு முடித்ததும், “இப்பத்தான் அது எங்க நெலம்” என்றார்.

இந்த வரிகளை எழுதும் வரையில் பதில் வரவில்லை.

எனவே சர்க்காரின் ஆயத்தம் என்பது எதுவாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைத் துணிந்து சொல்வோம். கட்டடமும் கம்ப்யூட்டரும் பாரமும் தேவைதான். அவற்றினும் முக்கியமானவை மூன்று. முதலாவது, கிராம சபை கூடும் நாளை மலைக் குடியிருப்பில் தண்டோராப் போட்டுச் சொல்ல வேண்டும். தேன் எடுக்கும் காலத்தில் கூட்டம் வைத்துவிட்டு ஜனங்கள் வரவில்லை என்று எழுதலாகாது. இரண்டாவது, பழைய மனுக்கள் முதலில். ஒவ்வொரு நிராகரிப்புக்கும் உள்ள காரணத்தை மனுதாரருக்குப் புரியும்படி வாயால் சொல்ல வேண்டும். மூன்றாவது, முதியோர் சாட்சியத்தை உடனே எழுதி வாங்க வேண்டும். காகிதம் காத்திருக்கும், கிழவர் காத்திருக்க மாட்டார்.

காடு என்னாவது, விலங்குகள் என்னாவது என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமே. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988-இல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயமாயிற்று; 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அதில் நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் சரணாலயம் என்ற பெயர் வந்ததாலேயே மனிதரின் உரிமை தானாக அழிந்துவிடாது என்பதும் அதே சட்டத்தின் கருத்துத்தான். காப்பகம் பிறப்பதற்கு எவ்வளவோ தலைமுறைகளுக்கு முன்பிருந்து அணிலோடும் புலியோடும் வாழ்ந்தவர்களை விரோதியாக்கிக் காட்டைக் காப்பதைவிட, உரிமையோடு உடன் வைத்துக்கொண்டு காப்பது எளிதென்றே நினைக்கிறோம்.

கிடைத்த பின்னும் கண் அயரலாகாது. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரெமென்ஹீர் என்ற ஆங்கிலேயர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கையின் பயனாக, 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க உத்தரவாயிற்று. பத்து வருஷங்களுக்கு விற்கலாகாது. பிறகும் அச்சமூகத்தாருக்குள்ளேயே கைமாறலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலமோ பல இடங்களில் பிறர் கைக்குப் போயிற்று. அதை மீட்கக் கேட்ட கிளர்ச்சியில் 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து இரண்டு உயிர்கள் போயின. காகிதத்தைக் காவல் காக்க ஆள் இல்லையென்றால் நிலம் நிற்காது.

அந்த ஆள் யார்? இப்பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களில் படித்த பிள்ளைகளுக்கும், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களுக்கும் குறைவில்லை. ரெவினியூ பாஷையும் தெரியும், கையெழுத்தும் நன்றாயிருக்கும். நமது இரு ஊர்களுக்கும் மலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்று, ஒரு முதியவர் சொல்வதை எழுதித் தந்தால் ஒரு குடும்பத்தின் நிலம் பிழைக்கக்கூடும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அழகாக எழுத வேண்டாம். அவர் புளியமரத்தைச் சொன்னால் புளியமரத்தை எழுதுங்கள்.