பார்ப்போராய் இருந்தது போதும்

2024 ஆம் ஆண்டு அக்டோபர் 6 ஆம் நாள், இந்திய விமானப்படையின் 92 ஆம் ஆண்டு விழாவையொட்டிச் சென்னை மெரினாவில் வான்சாகச நிகழ்ச்சி நடைபெற்றது. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் நம் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாய்ப் புறப்பட்டுச் சென்றனர். சாரங் குழுவின் உலங்கு வானூர்திகள் அணிவகுத்துப் பறந்தபோது இலட்சக்கணக்கான கண்கள் வானை நோக்கின. ஆனால், உச்சி வெயிலும் நெரிசலுமாய் இருந்த அந்நாளில் ஐந்து உயிர்கள் பிரிந்தன. வேடிக்கை பார்க்கச் சென்றவர் வீடு திரும்பவில்லை என்பது ஆறாத் துயரம்.

அத்துயரத்தினூடே நம் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு. அண்ணாந்து பார்த்துத் திரும்பிய இலட்சக்கணக்கானோருள் வானூர்தி எவ்வாறு பறக்கிறது என்பதை அறிந்து மீண்டோர் எத்தனை பேர்? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்ற காலத்தில் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் மனத்தைக் கவர்ந்தவை வானில் சீறிய விமானங்கள் அல்ல. வளாகத்தில் நிறுத்தப்பட்டிருந்த, பயனில் இல்லாத இரண்டு விமானங்களே. கல்விக்கு வேண்டுவது பெருங்கூட்டமன்று, பொருளின் அண்மையே.

அவ்வண்மையை நம் மாணவர்க்கு எளிதில் அளிக்க வல்லது, தரையில் நின்றவாறே வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி உலங்கு வானூர்தி. 1898 இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா சிறு படகொன்றைத் தொலைவிலிருந்து இயக்கிக் காட்டினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே ஜெர்மானியரான டீட்டர் ஷ்லூட்டர் மாதிரி உலங்கு வானூர்தியைச் செம்மையாகப் பறக்கச் செய்தார். அத்துணை அருமை உடையது இக்கலை. மேலுள்ள பெருஞ்சுழலி ஒருபுறம் சுழல, உடற்பகுதி மறுபுறம் திரும்ப முயலும். அதனைத் தடுத்து நிறுத்துவது வாற்சுழலி. இதை நேரிற் கண்ட மாணவன் நியூட்டனின் மூன்றாம் விதியை மறப்பானா?

இதில் வேறொரு பாடமும் உண்டு. ஊர்தியின் முகம் நம்மை நோக்கித் திரும்பிவிட்டால், அதன் இடப்புறம் நமக்கு வலப்புறமாகிவிடும். தன் நிலையிலிருந்தே சிந்திப்பவன் அதனை வீழ்த்திவிடுவான். தன்னை அவ்வூர்தியினுள் அமர்ந்தவனாக எண்ணுபவனே காப்பான். பிறர் நிலையில் நின்று பார்க்கும் பண்பை இதனினும் தெளிவாய்க் கற்பிக்கும் கருவி வேறுண்டோ?

எனவே, நம் புறநகர் ஏரிக்கரை ஒன்றில் ஆண்டுக்கொரு முறை மாதிரி வானூர்தி விழா நடத்தலாம் என்பது நம் கருத்து. நீர்நிலையோரம் இதற்கு ஏற்ற இடம். மக்களைக் கரையில் ஒருபுறம் நிறுத்தி, ஊர்தியை நீரின் பக்கமே பறக்கவிட்டால், பழுதுற்று வீழ்ந்தாலும் தலைகள் தப்பும். சுழலியின் தகடு சிறிதாயினும் கத்திக்கு நிகரானது என்பதை மறத்தலாகாது. குடிநீர் வழங்கும் செம்பரம்பாக்கம், போரூர் ஏரிகளை விலக்கிப் பறவைகளுக்கு இடையூறில்லாத இடத்தையும் காலத்தையும் தேர்தல் வேண்டும். காலை வேளை, நிழல், குடிநீர், அளவான கூட்டம் ஆகிய நான்கும் மெரினா நமக்கு உணர்த்திய பாடங்கள்.

சட்டமும் தடையாக இல்லை. கல்விக்கும் பொழுதுபோக்கிற்கும் கண்ணெட்டும் தொலைவிற்குள் பறக்கும், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரிகளை 2021 ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் தனி வகையாக ஏற்கின்றன. ஆயினும் விமானப்படைத் தளமும் பாதுகாப்புத் தொழிற்சாலைகளும் அமைந்த ஆவடிப் பகுதியில் நினைத்த இடத்தில் பறக்கவிட இயலாது. வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, உரிய அனுமதி பெற்ற பின்னரே தொடங்குதல் வேண்டும்.

ஆற்றலுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. கனரக வாகனத் தொழிற்சாலை பீரங்கி வண்டிகளை உருவாக்கிய மண் இது. தபஸ் எனும் ஆளில்லா விமானத்தின் உள்மடங்கும் சக்கர அமைப்பை வடிவமைத்தது ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆய்வு நிறுவனம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறைகளில் உழைப்போரின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். தந்தையின் கைத்திறனும் மைந்தனின் ஏட்டறிவும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டாவா? இதற்குச் சமுதாயப் பெரியவர்கள் சிறிது பொருளுதவி செய்தல் தகும்.

தமிழ்த்துறை மலரில் இதனை எழுதுவது ஏன் என்று சிலர் வினவலாம். சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், செலுத்துவோன் இன்றியே செல்லும் வானூர்தியைப் புறநானூற்றில் கூறியுள்ளார். அன்றே நாம் விமானம் செய்தோம் என்று பெருமை பேச அப்பாடல் சான்றாகாது. அது புலவரின் கற்பனை. ஆனால், அவ்வூர்தி யாருக்கு உரியது என்று அவர் சொன்னதே நமக்கு வேண்டுவது. ஆற்ற வேண்டிய செயலை ஆற்றி முடித்து, புலவர் பாடும் புகழ் பெற்றவர்க்கே அது உரியது. பார்த்து நின்றவர்க்கன்று.