வாடகை மோட்டார் சைக்கிளும் கைகொடுக்காத காப்புறுதியும்

வியட்நாமின் வடக்கே ஹா ஜியாங் மலைப்பாதைகளை மோட்டார் சைக்கிளில் சுற்றிவருவது உல்லாசப் பயணிகள் பலரின் விருப்பமாகியுள்ளது. கடவுச்சீட்டைப் பிணையாக வைத்து வாடகையைச் செலுத்தினால் வாகனம் கைக்கு வந்துவிடும். சாரதி அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்காத கடைகளும் உண்டு. அக்கேள்வி எழுவது விபத்தின் பின்னரே.

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எங்கும் செல்லுபடியாகும் என எண்ணுவது தவறாகும். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா, 1968ஆம் ஆண்டின் வியன்னா என இரு சமவாயங்களின் கீழ் அது வழங்கப்படுகின்றது. வியட்நாம் ஏற்பது பிந்தியதை மாத்திரமே. எமது உறவினர் பெருமளவில் வாழும் அவுஸ்திரேலியாவும் கனடாவும் வழங்குவதோ முந்தியதை. எனவே அப்பத்திரத்தை நம்பி 50 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளைச் செலுத்துபவர் அங்கு அனுமதியற்றவராகவே கணிக்கப்படுவார். அத்தகையோரின் வைத்தியச் செலவைப் பயணக் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. ஓர் எலும்பு முறிவே குடும்பமொன்றைக் கடனாளியாக்கப் போதுமானது.

சட்டத்தில் குறைவில்லை. தலைக்கவசம் 2007 முதல் கட்டாயம். மது அருந்தியபின் வாகனம் செலுத்துவது 2020 முதல் முற்றாகத் தடை. அனுமதியற்றவரிடம் வாகனத்தை ஒப்படைக்கும் உரிமையாளருக்கும் தண்டம் உண்டு. வீதியில் காட்டப்படும் கண்டிப்பு வாடகைக் கடையின் வாசலிலும் காட்டப்படுதல் வேண்டும்.

அதுவரை பயணிகளே விழிப்புடன் இருத்தல் அவசியம். கடவுச்சீட்டுக்குப் பதிலாகப் பிரதியையும் பிணைப்பணத்தையும் வழங்கலாம். வாகனத்தில் ஏற்கனவே உள்ள சேதங்களைப் படம்பிடித்து வைக்கலாம். அனுமதிப்பத்திரம் செல்லாதெனில், உள்ளூர்ச் சாரதியின் பின்னால் அமர்ந்து செல்வதே விவேகமாகும்.