முதுகில் ஊசியா?

ராஜபாளையத்திலாகட்டும், ஸ்ரீவில்லிபுத்தூரிலாகட்டும், ஜுரத்தில் நினைவிழந்து கிடக்கும் குழந்தையைப் பார்த்து, "முதுகிலிருந்து சிறிது நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னால், முதலில் எழும் குரல் பாட்டியின் குரல்தான்: "ஐயையோ, வேண்டாம்! கால் விளங்காமல் போய்விடும்!" பாசத்தில் பிறந்த அச்சம்தான், ஆயினும் அதுவே குழந்தைக்கு எமனாக முடியக்கூடும்.

1891-ல் ஜெர்மனியில் குவிங்கே என்ற வைத்தியர் வகுத்த முறை இது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவதோ அதற்கும் கீழே. சில நாள் தலைவலி இருக்கலாம். கால் முடங்குவது மிக மிக அபூர்வம். நோய் செய்த கேட்டை நாம் ஊசியின் தலையில் கட்டிவிடுகிறோம்!

அந்த நீரில் அப்படி என்ன இருக்கிறது? சுகதேகியிடம் அது தெளிந்த தண்ணீர் போலிருக்கும். சீழ் பிடிக்கும் கிருமி புகுந்தால் கலங்கும்; சர்க்கரை குறையும். இதற்கு இரத்தக் குழாய் வழியே உடனே மருந்து ஏற்ற வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் ஆபத்து. க்ஷயக் கிருமியானால் நோய் வாரக்கணக்கில் மெல்ல வளரும். மாத்திரையோ ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் விடாமல் உண்ண வேண்டும். வைரஸானால் நீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், சிகிச்சையும் வேறு. வெளிக்கு மூன்றும் ஒரே ஜுரம், ஒரே வாந்தி, ஒரே வலிப்பு! பிரித்துச் சொல்வது அந்தச் சில சொட்டு நீர்தான். மூளையில் அழுத்தம் மிகுந்திருப்பதாகத் தோன்றினால், டாக்டர் முதலில் ஸ்கான் எடுத்துப் பார்ப்பார். அதற்காக மருந்தை நிறுத்தி வைக்கமாட்டார்.

வைரஸ்களில் ஒன்று ஜப்பானிய மூளைக் காய்ச்சல். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், நம் வேலூர்ப் பக்கத்தில். கொக்கு, நாரை, பன்றி இவற்றிடமிருந்து அதை மனிதருக்குக் கொண்டு வருவது நெல் வயல் நீரில் பெருகும் கொசு. மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசனம் செய்யும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அந்த வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, தடுப்பூசி இருக்கிறது. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளைக் க்ஷய மூளைக் காய்ச்சலிலிருந்து பெரிதும் காக்கிறது.

கடுந்தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, பிதற்றல், வலிப்பு இவற்றில் ஏதேனும் ஜுரத்தோடு சேர்ந்தால் மந்திரித்துக்கொண்டு காத்திராதீர்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் போகலாம். உச்சிக்குழி புடைத்தாலும், பால் குடிக்க மறுத்துத் துவண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே டாக்டர் ஊசி என்றால், பாட்டியைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு உங்களுடையது!