ஸ்பிரிங் வைத்த சைக்கிள்: பளபளப்பை நம்பி வாங்கலாமா?

சைக்கிள் மீதான வரி குறைந்துவிட்டது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ந் தேதி முதல், இந்தியாவில் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. வரி 100-க்கு 5 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன்பு 100-க்கு 12 ரூபாய்.

ஒரு சைக்கிளின் விலை, வரி சேர்க்காமல், 8 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அதற்கு வரி 960 ரூபாய். இப்போது 400 ரூபாய். மிச்சம் 560 ரூபாய்.

வரி குறைந்தால் வீட்டில் பேச்சு எழும். "எனக்கு ஒரு சைக்கிள் வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாதாரண சைக்கிளைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தடித்த டயர் வேண்டும். முன்னால் "ஷாக்" வேண்டும்!

அது என்ன ஷாக்? முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவைக்குப் "போர்க்" என்று பெயர். சாதாரண சைக்கிளில் அது வெறும் இரும்புக் கவை. ஷாக் சைக்கிளில் அந்தக் கவையின் கால்களுக்குள் ஸ்பிரிங் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் சுருங்கி விரியும். கைக்குக் குலுக்கல் வராது.

சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை குறைந்த சைக்கிளில் உள்ள ஷாக், அந்த வேலையை உண்மையிலேயே செய்கிறதா? பணம் கொடுக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையில் பிறந்தது

இந்த வகை சைக்கிள் பிறந்த இடம் அமெரிக்கா. கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்ற மாவட்டம் உண்டு. அங்கே டமல்பையஸ் என்ற மலை இருக்கிறது. 1970-ம் ஆண்டுகளில் சில வாலிபர்கள் பழைய, தடித்த டயர் சைக்கிள்களைப் பிடித்து, அந்தப் பகுதி மலைப் பாதைகளில் வேகமாக இறங்கி விளையாடினார்கள்.

1976-ம் ஆண்டு அங்கே ஒரு பந்தயம் தொடங்கியது. அதன் பெயர் "ரீபேக்". இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து, பின் சக்கரத்துக்குள் இருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர்!

அந்தச் சைக்கிள்களில் ஷாக் கிடையாது. தடித்த டயர்தான் குலுக்கலைத் தாங்கியது. மீதியை ஓட்டுகிறவரின் கையும் காலும் தாங்கின.

மோட்டார் சைக்கிள் தந்த யோசனை

பால் டர்னர் என்பவர் மோட்டார் சைக்கிள் பந்தயத் துறையில் வேலை செய்தவர். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல சைக்கிளிலும் ஷாக் வைத்தால் என்ன என்று அவர் நினைத்தார். ஸ்டீவ் சைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து, 1989-ம் ஆண்டு "ராக் ஷாக்ஸ்" என்ற போர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

அது சுமார் 2 அங்குலம்தான் சுருங்கும். ஆனால் அதற்குள் 2 பொருள்கள் இருந்தன. ஒன்று காற்று. அது ஸ்பிரிங் வேலையைச் செய்தது. மற்றொன்று எண்ணெய்.

மறு ஆண்டே அதன் புகழ் பரவியது. 1990-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள டுராங்கோ நகரில் உலக மலை சைக்கிள் போட்டி நடந்தது. மலை இறக்கப் பந்தயத்தில் கிரெக் ஹெர்போல்ட் வெற்றி பெற்றார். அவர் ஓட்டிய சைக்கிளில் இந்தப் போர்க் இருந்தது.

பிறகு ஷாக் வைக்காத மலை சைக்கிளைக் காண்பது அரிதாயிற்று. பந்தய வீரர் வைத்திருப்பதைப் பார்த்து, கடைத்தெரு சைக்கிளுக்கும் ஷாக் வந்தது. விலையைக் குறைக்க வேண்டும் அல்லவா? அதனால் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்கள். வெளித்தோற்றம் மட்டும் அப்படியே இருந்தது!

ஸ்பிரிங் தொட்டில்

உள்ளே இருந்து போனது எது? எண்ணெய்தான்.

எண்ணெய் எதற்கு என்று கேட்கலாம். வீட்டில் ஸ்பிரிங் மாட்டிய தொட்டிலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை இழுத்து விட்டால், அது வெகு நேரம் மேலும் கீழும் ஆடும். குழந்தை தூங்க அது நல்லது. மலைப் பாதையில் இறங்கும் சைக்கிளுக்கு அது ஆபத்து!

ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு கல்லில் மோதியதும் சுருங்கும். உடனே விர்ரென்று விரியும். ஹேண்டில் பார் மேலே எகிறும். சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்?

நல்ல போர்க்கில் எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியே மெல்லப் போய்வரும். அதனால் ஸ்பிரிங் நிதானமாக விரியும். ஸ்பிரிங்குக்குக் கடிவாளம் போடுவது எண்ணெய். மிக மலிவான போர்க்கில் இந்தக் கடிவாளம் இல்லை.

ஓட்டுகிறவர்கள் சொல்வது என்ன?

மலிவு ஷாக்கை ஓட்டிப் பார்த்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் குறை, எடை. தைவானைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.ஆர். சன்டூர் கம்பெனி உலகெங்கும் சைக்கிள்களுக்குப் போர்க் செய்து கொடுக்கிறது. அதன் தொடக்க ரகம் "எக்ஸ்.சி.டி.". எடை சுமார் 2½ கிலோ. ஸ்பிரிங் இல்லாத சாதாரணப் போர்க்கின் எடை அதைவிட மிகவும் குறைவு. மேட்டில் ஏறும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

இரண்டாவது குறை, வீணாகும் உழைப்பு. சீட்டை விட்டு எழுந்து நின்று பெடல் மிதித்தால், முன் பக்கம் அமுங்கி அமுங்கி எழும். மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதி ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். சில போர்க்குகளில் ஷாக்கைப் பூட்டிவைக்கும் திருகு உண்டு. நல்ல சாலையிலும் மேட்டிலும் அதைப் பூட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்.

மூன்றாவது குறை, துரு. உள்ளே போகும் குழாய் இரும்பு. மேலே குரோமியப் பூச்சு. தூசியும் மழை நீரும் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே போகும். கிரீஸ் காயும். துடைக்காமல் விட்டால் துரு பிடிக்கும். பிறகு ஷாக் அசையாது. வெறும் கனமான இரும்புக் கவையாக நிற்கும்! கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

நான்காவது குறை, ஆட்டம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் தேய்ந்ததும் "டொக் டொக்" என்று சத்தம் வரும். சக்கரம் முன்னும் பின்னும் ஆடும்.

தந்தைக்கும் மகனுக்கும் ஒரே ஸ்பிரிங்!

விலை உயர்ந்த போர்க்கில் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். ஆள் ஏறி உட்கார்ந்ததும், மொத்தம் சுருங்கும் அளவில் 5-ல் ஒரு பங்கு முதல் 4-ல் ஒரு பங்கு வரை அமுங்கினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மலிவுப் போர்க்கில் இந்த வசதி கிடையாது. மேலே ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் ஸ்பிரிங் உட்காரும் இடம் கொஞ்சம் மாறும். ஸ்பிரிங்கின் பலம் மாறாது.

இதனால் என்ன ஆகிறது? கனத்த ஆள் ஏறினால், பெரிய பள்ளத்தில் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி "டங்" என்று இடிக்கும். சிறுவன் ஏறினால் ஸ்பிரிங் அசையவே அசையாது. சிறுவர் சைக்கிள்களிலும் ஸ்பிரிங் மிகக் கெட்டியாக இருப்பது உண்டு.

30 கிலோ எடையுள்ள சிறுவன் 15 கிலோ சைக்கிளை ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தன் எடையில் பாதியை அவன் இழுக்கிறான். அசையாத ஷாக், அவனுக்குச் சுமையே தவிர சுகம் அல்ல. இதே பணத்தில் எடை குறைந்த சைக்கிள் வாங்கிக் கொடுத்தால், அவன் சுலபமாக ஓட்டுவான். பிரேக்கும் அவன் கைக்கு அடங்கும்.

முறிந்த போர்க்குகள்

மலிவு ஷாக்கில் சுகம் குறைவு என்பதோடு கதை முடியவில்லை. 2000-ம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஒரு பிரச்சினை எழுந்தது. பெரிய அங்காடிகளில் விற்ற மலிவு மலை சைக்கிள்கள் சிலவற்றில், ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்க் முறிந்தது. ஓட்டியவர்கள் தலைகுப்புற விழுந்து காயம் அடைந்தார்கள். பல்லாயிரக்கணக்கான சைக்கிள்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த நாட்டு அரசின் நுகர்பொருள் பாதுகாப்புக் குழு அதை அறிவித்தது.

பின் சக்கரத்தில் கோளாறு வந்தால் சைக்கிள் நின்றுவிடும். முன் போர்க் முறிந்தால் தப்பிப்பது கடினம். ஆகவே, "மலை சைக்கிள்" என்று பெயர் எழுதியிருப்பதால் மட்டும் அதை மலையில் ஓட்டிவிடக் கூடாது. உயரத்தில் இருந்து குதிக்கவும் கூடாது. சைக்கிளோடு கொடுக்கும் சிறு புத்தகத்தில் எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டக் கூடாது என்று போட்டிருக்கும். அதைப் படிக்க வேண்டும்.

ஏன் வைக்கிறார்கள்?

குறை இருந்தும் ஏன் வைக்கிறார்கள்? விடை எளிது. ஷாக் கண்ணுக்குத் தெரியும். சக்கரத்தின் நடுவில் உள்ள பால்ரஸ் நல்லதா, பிரேக் கட்டை நல்லதா, ரிம் உறுதியா என்பது கண்ணுக்குத் தெரியாது. கடையில் 2 சைக்கிள்கள் ஒரே விலையில் நின்றால், ஷாக் வைத்ததைத்தான் பிள்ளை தொடும்.

ஆனால் விலை ஒன்றுதானே? ஷாக்குக்குப் போன பணம் வேறு எங்கிருந்தோ வரவேண்டும். சக்கரத்திலும் பிரேக்கிலும் பெடலிலும் பிடித்துத்தான் அதை ஈடுகட்ட வேண்டும். இதை வாங்குகிறவர் உணர்வதில்லை.

மாற்றிவிடலாமா?

"இப்போது வாங்கிக்கொள்வோம். பிறகு நல்ல போர்க் போட்டுக்கொள்வோம்" என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது இடிக்கும். எண்ணெயும் காற்றும் உள்ள நல்ல போர்க்கின் விலை, மலிவு சைக்கிளின் விலையைவிட அதிகம்!

விலை கொடுத்தாலும் பொருந்த வேண்டும். மேல் தண்டின் கனம் ஒத்துப்போக வேண்டும். சக்கரத்தின் அச்சு ஒத்துப்போக வேண்டும். போர்க் உயரம் கூடினால் சைக்கிளின் முன் பக்கம் தூக்கிக்கொள்ளும்.

ஓரளவு நல்ல சைக்கிள் வைத்திருப்பவருக்கு மட்டுமே இது லாபம். சன்டூர் கம்பெனியே அமெரிக்காவில் ஒரு திட்டம் வைத்திருந்தது. தன் மலிவு ரகத்தை வைத்திருப்பவர்களுக்கு உயர்ந்த ரகத்தைச் சலுகை விலையில் கொடுத்தது. பலர் அப்படி மாற்றிக்கொண்டார்கள்.

நல்லதும் உண்டு

மலிவு ஷாக் முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போகிறவருக்கு அது மணிக்கட்டு வலியைக் குறைக்கும். செம்மண் பாதையிலும் வயல் ஓரத்திலும் போவதற்குப் போதும். துடைத்து, கிரீஸ் போட்டு, ஆண்டுக்கணக்கில் தொல்லை இல்லாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எதற்கு வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கூடம் போய்வர மட்டும் என்றால் ஷாக் அவசியம் இல்லை. சற்று அகலமான டயர் போதும். டயரின் பக்கவாட்டில் காற்றின் அளவு அச்சிட்டிருக்கும். அதில் குறைந்த அளவை ஒட்டிக் காற்று வைத்தால், டயரே பாதிக் குலுக்கலைத் தாங்கிவிடும். இதற்குச் செலவு ஒரு காசு கிடையாது!

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடையில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் பாரை அமுக்கிப் பார்க்க வேண்டும். யாருக்கு வாங்குகிறோமோ அவரே அமுக்க வேண்டும். அசையாவிட்டால் அந்த ஷாக் அவருக்கு உதவாது.

பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். "டொக்" என்று ஆடினால் முடுக்கித் தரச் சொல்ல வேண்டும். முடுக்கிய பிறகும் ஆடினால் அந்தச் சைக்கிள் வேண்டாம்.

போர்க்கைத் திருப்பி மாட்டிவிடுவதும் உண்டு! ஹேண்டில் பார் நேராக இருக்கும்போது, முன் சக்கரத்தின் அச்சு போர்க் காலுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் அதுவும் முன் பக்கம் இருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு, மழையில் நனைந்தால் ஷாக் குழாயைத் துணியால் துடைக்க வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. மாதம் ஒரு முறை போர்க்கில் கீறல், வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். வெடிப்புத் தெரிந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்த வேண்டும்.

முன்னாலும் பின்னாலும் ஷாக் வைத்த மலிவு சைக்கிள்களும் வருகின்றன. மேலே சொன்ன குறைகள் எல்லாம் அதில் இரண்டு மடங்கு!

வரி குறைந்ததால் குடும்பத்துக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சுகிறது. அந்தப் பணத்தை நல்ல பிரேக்குக்கும் உறுதியான சக்கரத்துக்கும் தலைக்கவசத்துக்கும் செலவிடலாம். பிள்ளை ஆசைப்படுவது ஷாக்காக இருக்கலாம். பிள்ளையைக் காப்பாற்றுவது பிரேக்தான்.